அழைப்பு இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் ஞாயிறு பள்ளியும் வாலிபர் கூட்டமும் பல வருடங்களாக என் பொறுப்பில் இருக்கின்றன. மற்ற நாட்களில் தேயிலைதான். கொழுந்து எடுத்து, எடை போட்டு, வீடு வந்து சேர்ந்த பிறகு யாராவது ஒருவர் வந்து திண்ணையில் உட்காருவார். தேநீர் ஆறும்வரை பேசமாட்டார். அப்புறம் சொல்லுவார்: "அக்கா, ஆண்டவர் என்னை எதற்கோ கூப்பிடுகிறார். ஆனால் நான் அதற்கு லாயக்கில்லை."

இப்படி வந்தவர்களில் சிலர் இன்று நிலைத்து ஊழியம் செய்கிறார்கள். சிலர் நடுவில் நின்றுபோனார்கள். நின்றுபோனவர்களுக்குப் பக்தி குறைவு என்று நான் நினைக்கவில்லை. நாலாவதாகச் செய்ய வேண்டியதை முதலாவதாகச் செய்தார்கள், அவ்வளவுதான். அதனால் இங்கே வரிசையைத்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைப்பு என்றால் பிரசங்க பீடம் மட்டும் இல்லை. ஆசரிப்புக் கூடாரத்துக்காகப் பொன்னிலும் மரத்திலும் வேலை செய்ய பெசலெயேலைத் தேவன் பேர்சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31ல் வாசிக்கிறோம். ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் உட்காருவதும், லயன் வீட்டு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பதும் இதில் அடங்கும்.

ஆரம்பிக்கும் முன் தேவையானவை

ஒரு 40 பக்க நோட்டு. பேனா. காலையில் 20 நிமிடம். இடைவெளி இல்லாத 6 வாரம்.

6 வாரத்தை எப்போது வைப்பது என்பதைக் கவனமாகப் பாருங்கள். கொழுந்து குவிகிற மாதங்களில் வேண்டாம். கேரல் சுற்றுகிற டிசம்பரிலும் வேண்டாம். அந்த நேரத்தில் ஆரம்பித்தால் இரண்டாவது வாரமே தடைபடும். "பார்த்தாயா, உன்னால் முடியவில்லை" என்று மனசு சொல்லும். உண்மையில் தோற்றது நாட்காட்டிதான், நீங்கள் இல்லை. ஆனாலும் தயக்கத்துக்கு அது ஒரு சாட்சியாகிவிடும்.

கனவு, தரிசனம், யாராவது தலையில் கைவைத்துச் சொன்ன தீர்க்கதரிசனம் எதுவும் முன்தேவை இல்லை. வந்தால் நோட்டில் எழுதி வையுங்கள். வராவிட்டால் அதற்காக நிற்க வேண்டாம்.

1. முதலில் உடம்பைப் பாருங்கள்

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் எலியா தீர்க்கதரிசி. 1 இராஜாக்கள் 19ல் அவர் சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, சாகவேண்டும் என்கிறார். தேவன் அங்கே அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். திரும்பவும் தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது.

ஒரு வாரம் நேரத்துக்குத் தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உபவாசத்தை இந்த வாரத்தில் வைக்காதீர்கள். ஒரு வாரத் தூக்கத்துக்குப் பிறகு, "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்பது பாதியாகக் குறைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறையவில்லையா? இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை அடங்கவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிற நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

2. பயத்தை எழுத்தில் கொண்டுவாருங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில், "நான் தகுதியில்லாதவன்" என்று எழுதாதீர்கள். அது எல்லோரும் சொல்லுவது. அதற்குக் கீழே ஒரு குறிப்பான வரி ஒளிந்திருக்கும். அதைத் தோண்டி எடுங்கள்.

லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க ஆசைப்பட்ட ஒரு தங்கை முதலில் பொதுவாகத்தான் எழுதிக்கொண்டு வந்தாள். திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவள் நோட்டில் இருந்த வரி இது: "ஆறாம் வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும்போது குரல் நடுங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது." அந்த வரியை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். எப்போது தொடங்கியது, யாருடைய குரலில் கேட்கிறது, எந்த இடத்தில் வருகிறது, எல்லாம் அதில் இருக்கிறது.

புதியவர்கள் இங்கே செய்கிற பிழை, நோட்டில் எழுதாமல் போனில் எழுதுவது. போனில் எழுதியது இரண்டு நாளில் ஸ்டேட்டஸ் ஆகிவிடுகிறது. இந்தப் பக்கம் ஊருக்குக் காட்டுவதற்கு இல்லை.

3. எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தயக்கம் எல்லாமே ஒரே ரகம் இல்லை. பயம், குறை, தடை என்று மூன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பயம் என்பது நடக்காததை நினைத்து வருவது. குறை என்பது உண்மையிலேயே நமக்கு இல்லாத ஒன்று: படிப்பு, பயிற்சி, குரல், நேரம். தடை என்பது மனசாட்சி பிடித்து நிறுத்துவது. பயத்தைத் தாண்டி நடக்க வேண்டும். குறைக்குத் துணையோ பயிற்சியோ தேட வேண்டும். தடையைச் சரிசெய்யாமல் ஒரு அடிகூட வைக்கக்கூடாது.

இந்தப் பிரிவை மோசேயிடம் பார்க்கலாம். யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். எகிப்தில் அடிமைகளாக இருக்கிற ஜனங்களை மீட்டுவரத் தேவன் அழைக்கும்போது, எரிகிற முட்செடி முன்னால் அவர் ஐந்து முறை தட்டிக்கழிக்கிறார். "நான் யார்?" என்பது முதலாவது. அதற்குத் தேவன் என்ன சொன்னார்? நீ திறமைசாலி, எகிப்தில் வளர்ந்தவன், உன்னால் முடியும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. நான் உன்னோடே இருப்பேன் என்றார். கேள்வி மோசேயைப் பற்றியது, பதில் தேவனைப் பற்றியது. என் தகுதியை நிரூபித்துக்கொண்டு பிறகு போகிறேன் என்று நாம் உட்காருகிற இடத்தில், அந்த விசாரணையையே தேவன் நடத்தவில்லை.

அடுத்து, அனுப்புகிறவரின் நாமம் என்னவென்று கேட்பார்களே என்கிறார். அது நியாயமான கேள்வி, நேரான பதில் கிடைக்கிறது. மூன்றாவது, அவர்கள் என்னை நம்பமாட்டார்கள். இது பயம். உன் கையில் இருப்பது என்ன என்று கேட்கிறார் தேவன். ஆடு மேய்க்கிற கோல். அதை வைத்தே தொடங்குகிறார்.

நாலாவது, நான் பேச்சு வராதவன், வாய் திக்கும் என்கிறார். இது குறை. நாவு சரியாயிற்று என்று அங்கே எழுதியில்லை. வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்டு, உன் வாயோடே இருப்பேன் என்றார். பிறகு ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். குறை போகாமலேயே அழைப்பு நிறைவேறுகிறது. இதை நான் கண்டுகொள்ளப் பல வருடம் ஆயிற்று.

ஐந்தாவதாக, வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார். அங்கேதான் தேவனுக்குக் கோபம் வந்தது. முதல் நான்கையும் பொறுமையாகக் கேட்டவர் அவர். கேள்வி கேட்பதற்கும் மறுப்பதற்கும் நடுவில் இருக்கிற கோடு இது. உங்கள் நோட்டிலும் "வேறு யாரையாவது அனுப்பும்" என்கிற மாதிரி வரி இருந்தால் அதைத் தனியாக ஜெபத்தில் வையுங்கள்.

தடைக்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிற பிக்கப் டிரைவர் தம்பி ஒருவர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஜெபிக்க வேண்டும் என்ற பாரம் அவருக்கு. "நான் பழைய குடிகாரன் அக்கா, என்னை யார் மதிப்பார்கள்" என்றார். பயம் என்றுதான் நானும் முதலில் நினைத்து, தைரியமாகப் போ என்று சொல்லிவிட்டேன். அவர் போகவில்லை. நோட்டை எழுதவைத்த பிறகுதான் தெரிந்தது: குடித்த நாட்களில் ஒரு கடைக்காரரிடம் வாங்கிய பணம் திருப்பிக் கொடுக்கப்படவே இல்லை. அந்தக் கடை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருந்தது. வாரம் கொஞ்சமாகக் கொடுத்து 5 மாதத்தில் அடைத்தார். அதன் பிறகு யாரும் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை. மனசாட்சி சொன்னதைப் பயம் என்று நினைத்து மிதித்துப் போகச் சொன்னது என் பிழை. பிரித்துப் பார்க்காமல் இனி யாருக்கும் தைரியம் சொல்வதில்லை.

"நான் பெண்ணாச்சே" என்று எழுதுகிற தங்கைகளுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயர்களாக அபிஷேகம் பெறுகிறார்கள். 2013ல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணே பேராயராகவும் ஆனார். வீட்டில் சம்மதம் வாங்குவது கஷ்டமாக இருக்கலாம், அது வேறு விஷயம். நீங்கள் பெண்ணாக இருப்பதைக் குறை என்ற பட்டியலில் எழுதாதீர்கள்.

4. அழைப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"ஊழியம் செய்ய வேண்டும்" என்பது வாக்கியம் இல்லை, ஆசை. யாருக்கு, எங்கே, என்ன என்ற மூன்றும் வர வேண்டும். "எங்கள் லயனில் மூன்றாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, ஞாயிறு மாலை, வேதாகமக் கதை சொல்ல வேண்டும்." இப்படி.

காரணம் எளிது. பெரிய வார்த்தைக்கு முன்னால் எவரும் சின்னவராகத்தான் தெரிவார். கோத்தகிரி முழுவதும் எழுப்புதல் என்று எழுதினால் அதற்கு யார் தகுதி? நாலு பிள்ளைகள் என்று எழுதினால் தயக்கத்துக்கு உட்கார இடம் குறைகிறது.

எதை எழுதுவது என்று தெரியாவிட்டால், எந்த வேதனை உங்களை விட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று பாருங்கள். மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒரே ஆட்களுக்காக ஜெபம் வருகிறதா? அங்கே தேடுங்கள். யூடியூபில் பார்த்த பிரசங்கியார் மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசையை இதோடு குழப்பாதீர்கள். அதில் ஆட்களே இருக்கமாட்டார்கள், மேடை மட்டும் இருக்கும்.

வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த வசனத்தை எடுப்பதும் வேண்டாம். ஆட்டுத்தோலில் மட்டும் பனி பெய்யட்டும் என்று கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நியாயாதிபதிகள் 6ஐ வரிசையாகப் படியுங்கள். கிதியோன் தோலைப் போட்டது அதிகாரத்தின் கடைசியில். அதற்கு முன்பே, பயத்தால் பகலில் செய்யாமல், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போய்ப் பாகாலின் பலிபீடத்தை இடித்திருந்தார். பயத்தோடு செய்த கீழ்ப்படிதலையும் தேவன் ஏற்றுக்கொண்டார். எனக்கு அந்த ராத்திரிதான் தோலைவிட ஆறுதல்.

5. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

பத்துப் பேர் வேண்டாம். சின்ன சாமுவேல் மூன்று முறை ஆசாரியன் ஏலியிடம் ஓடினார். கூப்பிடுவது கர்த்தர் என்று அடையாளம் காட்ட ஒரு பெரியவர் தேவைப்பட்டார். அந்தப் பெரியவர் குறையில்லாதவராகவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் சமையலறையைப் பார்த்தவராக இருக்கட்டும். அதாவது, ஞாயிற்றுக்கிழமை முகத்தை மட்டும் அறிந்தவர் வேண்டாம். உங்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லத் துணிந்தவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும். கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்துபோகிற பிரசங்கியார் இதற்கு உதவமாட்டார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் இங்கே இருக்கமாட்டார்.

இந்தக் கட்டத்தில் சபையில் எழுந்து சாட்சி சொல்லாதீர்கள். வாலிப வயதில் ஒரு கன்வென்ஷனில் எல்லோர் முன்னும் எழுந்து, என்னை முழுநேர ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்றேன். கையில் எந்த வேலையும் இல்லை, வழிநடத்த ஆளும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்போம்மா போகிறாய்" என்று கேட்கக் கேட்க, நாலு வருடம் சபைப் பக்கமே தலைகாட்டக் கூசினேன். நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல், ராத்திரியில் போய், தாம் கட்டப்போகிற இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். சொன்னது அதன் பிறகு.

6. ஆறு வாரம், ஒரு சின்ன வேலை

எழுதிய வாக்கியத்தில் மிகச் சின்னத் துண்டை எடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரே இடம். 6 முறை. ஆறுக்குள் நிறுத்தக்கூடாது, ஆறுக்குள் பெரிதாக்கவும் கூடாது. முதல் வாரமே நன்றாகப் போனால் மைக், நோட்டீஸ் என்று தாவத் தோன்றும். அப்போதுதான் கட்டுப்பாடு வேண்டும்.

அந்தத் தங்கையின் முதல் வகுப்புக்கு நானும் போயிருந்தேன். லயன் வாசலில் உரச்சாக்கை விரித்திருந்தாள். நாலு மணிக்கே மேகம் இறங்கி, எதிர் வீடு தெரியவில்லை. வந்தது நாலு பிள்ளைகள். காணாமற்போன ஆட்டின் கதை. ஒரு தாளில் எழுதி, மூலையில் ஆட்டுக்குட்டி வரைந்து வைத்திருந்தாள். வாசிக்க ஆரம்பித்ததும் கை நடுங்கித் தாள் படபடவென்று சத்தம் போட்டது. எனக்கே நெஞ்சு அடைத்தது. அப்போது முன்னால் இருந்த சின்னவன், படத்தைப் பார்க்க வேண்டும் என்று தாளின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். சத்தம் நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடியே கதை முடிந்தது.

ஒவ்வொரு வாரமும் வீடு திரும்பியதும், தூங்குவதற்கு முன் மூன்று வரி எழுதுங்கள். என்ன நடந்தது, எதற்குப் பயந்தேன், பயந்தது நடந்ததா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். சில வாரம் "ஆமாம்" என்று வரும், அதையும் எழுதுங்கள். அவளுக்கு மூன்றாம் வாரம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. மழை. எழுதிவைத்துவிட்டு, நாலாம் வாரம் போனாள். போனாள் என்பதைத்தான் நான் பார்த்தேன்.

7. இப்போது ஆயரிடம் போங்கள்

அப்போஸ்தலர் 13ல் அந்தியோகியா சபை உபவாசித்து, கைவைத்து, பர்னபாவையும் சவுலையும் (பவுல்தான் இவர்) அனுப்பியது. அனுப்பும் முன் அவர்கள் இருவரும் ஒரு வருடம் அதே சபையில் போதித்திருந்தார்கள் என்று 11ஆம் அதிகாரம் சொல்கிறது. அறிந்தவர்களைத்தான் சபை அனுப்பியது. நீங்களும் 6 வார நோட்டோடு போனால், ஆயருக்கும் கமிட்டிக்கும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.

பேசும்போது, "ஆண்டவர் என்னோடு பேசினார், நீங்கள் அனுமதிக்க வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு மேல் யாரும் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது. "ஐயா, 6 வாரம் இதைச் செய்தேன். இப்படி நடந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

வேண்டாம் என்றால்? காரணம் கேட்டு, அதே நோட்டில் எழுதி, மூன்றில் எது என்று பிரியுங்கள். அவர் சொன்னது உண்மையான குறையாக இருந்தால் அதற்குப் பயிற்சி தேடுங்கள். காரணமே சொல்லாமல் மறுத்தால் சின்ன வேலையைத் தொடருங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். கோபித்துக்கொண்டு சபை மாறுவதுதான் இங்கே அதிகம் பார்த்த பிழை. புதுச் சபையில் உங்களை அறிந்தவர் யாரும் இல்லை, ஆகவே தயக்கம் முதலிலிருந்து தொடங்கும்.

8. வீடும் பணமும்

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுவே. சுய உதவிக் குழுக் கடன், நகைக்கடன், தம்பி தங்கை படிப்பு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கணவரோ மனைவியோ பெற்றோரோ அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டேதான் ஊழியம் செய்தார். கொழுந்து எடுத்துக்கொண்டே செய்வது தரக்குறைவு இல்லை.

இறையியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. பி.டி. என்ற இறையியல் பட்டப் படிப்புக்கு வழக்கமாகப் பேராயத்தின் பரிந்துரை தேவைப்படும், அதனால் ஏழாம் படியைத் தாண்டாமல் இங்கே வரமுடியாது. வேலையை விட முடியாதவர்களுக்கு செராம்பூர் இறையியல் பல்கலைக்கழகம் வழியாக அஞ்சல்வழிப் படிப்பும் உண்டு. சேரும் தேதியையும் கட்டணத்தையும் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

9. தயக்கம் திரும்பி வரும்போது

வரும். பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி வரும், அல்லது எல்லாம் நன்றாக நடந்த மறுநாள் காலை வரும். அது வந்ததால் முன்பு நடந்தது பொய்யாகிவிடாது. பவுலிடம் நேரடியாகப் பயிற்சி பெற்ற தீமோத்தேயுவுக்கே, உன்னிலுள்ள வரத்தை அனல்மூட்டி எழுப்பு என்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. அடுப்பில் கரி இருக்கும், மேலே சாம்பல் மூடியிருக்கும். மலைக் குளிரில் விறகடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ராத்திரியில் புதிதாக எதையும் முடிவுசெய்யாதீர்கள். ராஜினாமாக் கடிதம், ஆயருக்கு நீளமான வாட்ஸ்அப், எதுவும் வேண்டாம். நோட்டைத் திறந்து 6 வாரத்தின் மூன்றாவது வரிகளை மட்டும் வாசியுங்கள். இது பயமா, குறையா, புதிதாக ஏதாவது தடையா என்று பாருங்கள். தடை என்றால் துணையாக இருக்கிறவருக்குப் போன் செய்யுங்கள். பயம்தான் என்றால் நாளைக்கு வேண்டிய துணியை எடுத்து வையுங்கள், வேதாகமத்தைப் பைக்குள் வையுங்கள், படுங்கள்.

அந்தத் தங்கைக்கு இன்னமும் ஞாயிறு மூன்று மணிக்கு உள்ளங்கை வியர்க்கிறது. வகுப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் வந்து, உரச்சாக்கு ஒன்று பத்தவில்லை, இன்னொன்று இருந்தால் கொடுங்கள் அக்கா என்றாள். ஈரம் காயாமல் இருந்தது, அடுப்புப் பக்கத்தில் போட்டு உலர்த்திக் கொடுத்தேன்.